சாறு ஓடாத நாளில் புகை

காலையில் எழுந்ததும் டொனால்டா செய்யும் முதல் வேலை ஜெபமல்ல. சமையலறை ஜன்னலில் படிந்திருக்கும் உறைபனியை நகத்தால் சுரண்டி, ஒரு கண் அளவுக்கு ஓட்டை போட்டு, வைக்கோல் கொட்டகையின் கூரை ஓரத்தைப் பார்ப்பாள். அங்கே பனிக்கூம்புகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் ஒன்றின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும். பகலில் இளகி இரவில் உறையும் நாட்கள் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். மேட்டுக்காட்டு மேப்பிள் மரங்களில் சாறு ஏறும். ஊரே வாளியும் கையுமாகக் காட்டுக்குப் போகும். அந்தச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் குடில்கள் எல்லாவற்றிலும் புகை கிளம்பும். அத்தனை புகைக்கு நடுவே தங்கள் குடிலின் புகையை யார் கண்டார்கள்? அப்புறம் ஓவிலா குளிரில் விறைத்துச் சாக வேண்டியதில்லை.

மார்ச் பிறந்து ஒரு வாரம் போய்விட்டது. கூம்புகள் கல் மாதிரி நின்றன. போன வருஷம் இந்நேரம் முதல் பாகு இறக்கியாகிவிட்டது. இந்த வருஷம் பார்த்து வானத்துக்கு என்ன வீம்போ என்று அவள் பல்லைக் கடித்தாள்.

ஓவிலா அவள் கணவன் அடெலாரின் தம்பி. பட்டாளத்திலிருந்து புத்தாண்டு விடுப்பில் வந்தவன். விடுப்பு முடிந்ததும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் போய் ஐரோப்பியச் சண்டைக்குக் கப்பலேற வேண்டியவன், ஏறவில்லை. கியூபெக் மாகாணம் முழுக்க அந்தக் குளிர்காலத்தில் இப்படி ஏறாமல் போனவர்கள் ஏராளம். முதலில் வைக்கோல் கொட்டகையில்தான் வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் பட்டாளப் போலீஸ் வந்து ஊரில் எல்லாக் கொட்டகையிலும் வைக்கோலுக்குள் இரும்புக் கவையை விட்டுக் குத்திப் பார்த்தது. அன்றைக்கு அவன் தற்செயலாக மாட்டுத் தொழுவத்தில் இருந்ததால் தப்பினான். மறுநாளே அடெலார் அவனை மேட்டுக்காட்டுக் குடிலுக்குக் கொண்டுபோய்விட்டான். வீட்டுக்குள் வைக்க வழியில்லை. இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டிவிட்டு நுழைவதில்லை, மூன்று வயது மகள் மொனிக்குக்கு வாயில் எதுவும் நிற்காது. குடிலிலோ தீ மூட்ட முடியாது. மாதா கோயில் வாசலில் நின்றால் மேட்டிலுள்ள ஒவ்வொரு குடிலின் புகைக்கூண்டும் விரல்விட்டுக் காட்டுகிற மாதிரித் தெரியும். சாறு ஓடாத காலத்தில் பாகுக் குடிலில் புகை வந்தால், அங்கே ஆள் இருக்கிறான் என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

அதனால் அடெலார் தினமும் அடுப்பில் செங்கற்களைச் சுட வைத்துக் கோணியில் சுற்றி, முயல் கண்ணி பார்க்கப் போகிற சாக்கில் சுமந்துகொண்டு போனான். செங்கல் சூடு எவ்வளவு நேரம் தாங்கும்? பிடிபட்டால் ஓவிலாவுக்கு மட்டும் சிறையல்ல, ஒளித்து வைத்தவனுக்கும் சிறை. அடெலார் உள்ளே போனால் பண்ணை போகும், மாடுகள் போகும், மொனிக்கை யார் வீட்டில் விடுவது என்பதுவரை டொனால்டா யோசித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அடெலாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் போனாள்.

குடிலுக்குள் வெளியைவிட அதிகக் குளிர். பாகு காய்ச்சும் பெரிய தகரத் தட்டு செங்கல் அடுப்பின் மேல் வெறுமையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில், பழைய போர்வைகளுக்கும் குதிரைக் கம்பளத்துக்கும் அடியில் ஓவிலா கிடந்தான். அவன் மூச்சு பட்ட இடத்தில் கம்பளத்தின் ரோமம் வெள்ளையாக உறைந்திருந்தது. நெற்றி காய்ச்சலில் கொதித்தது, இருமினால் எதையோ கிழிப்பதுபோலச் சத்தம் வந்தது.

"டொனால்டா," என்றான்.

காய்ச்சலைவிட அதுதான் அவளுக்குக் கிலியூட்டியது. நாலரை வருஷமாக அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்கு முந்தி வாடி போடி என்றவன், கல்யாணத்துக்கு அப்புறம் 'அண்ணி', 'வாங்க', 'போங்க' என்று ஒவ்வொரு மரியாதையையும் ஊசி மாதிரி ஏற்றுவான். இன்று அந்த ஊசியைத் தேடி எடுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"பேசாதே. சூப்பைக் குடி," என்று பட்டாணி சூப் போத்தலைக் கம்பளித் துணியிலிருந்து உருவினாள்.

"நேத்து வரைக்கும் கால் வலிச்சுது. இன்னிக்கு வலிக்கல. நல்லதுதானே?"

அவள் கம்பளத்தைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். செங்கற்களை அங்கே வைத்தாள்.

"கப்பல்லயே போயிருக்கலாம்," என்றான் அவன். "சூடா ஒரு குண்டு வாங்கிக்கிட்டுக் கதகதன்னு செத்திருப்பேன்."

"வாயைக் கழுவு."

"ஏன் ஓடி வந்தேன்னு எல்லாரும் கேட்டாங்க. அண்ணன் கேட்டான். நீ மட்டும் கேக்கவே இல்ல."

அவள் கடுகுப் பத்தை அவன் நெஞ்சில் ஒட்டி, சட்டையை இழுத்துவிட்டாள். கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவான்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் ஒரே வாரத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள், நிஜமா பொய்யா தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம் ஜூலை. பதினைந்தாம் தேதிக்குள் கல்யாணம் ஆனவனைப் பட்டாளம் கூப்பிடாது என்று வானொலி சொன்ன மறுநிமிஷமே கன்னிப்பெண்களுக்குக் கிராக்கி வந்துவிட்டது. பாதிரியார் குரல் கட்டிப் போகிற அளவுக்கு மந்திரம் சொன்னார். டொனால்டாவும் ஓவிலாவும் இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தது வேறு யாருக்கும் தெரியாது, அவன் அம்மாவைத் தவிர. ஓவிலா ஆற்றின் மேல்பகுதியில் மரம் மிதக்கவிடும் வேலைக்குப் போயிருந்தான். ஆளனுப்பினால் போய்ச் சேரவே நாட்கள் ஆகும். அவன் அம்மா வந்து டொனால்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு புள்ளைங்க எனக்கு, ரெண்டும் போயிடும்டி. ஒண்ணு இங்க இருக்கு. இருக்கிறதையாவது காப்பாத்திக் குடு." பின்னாலேயே அடெலார் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு நின்றான். நல்லவன். யாருக்கும் ஒரு கெடுதல் செய்யாதவன். அவள் சரி என்றாள். ஏன் என்றாள் என்று இன்றுவரை அவளுக்கே புரியவில்லை. பீடத்துக்கு முன்னால் எட்டு ஜோடிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் ஓவிலா ஆற்றிலிருந்து இறங்கி வந்தான். வாசலிலேயே நின்று, ஊர் கேட்க, "வணக்கம் அண்ணி, சௌக்கியமா இருக்கீங்களா?" என்றான். மாமியார் இப்போது இல்லை. போகும்போது அந்தக் கணக்கை மருமகள் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை மொனிக் தூங்கியதும் டொனால்டா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தீ மூட்டணும். இல்லேன்னா தாங்க மாட்டான்."

அடெலார் அடுப்புக்கு முதுகைக் காட்டி இடுப்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு நாள் பொறு. காத்து திரும்பிடும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"தெயோதூல் போன ஞாயிறு என்ன சொன்னார், கேட்டேல்ல?"

கேட்டாள். கேட்காமல் எப்படி இருப்பாள்? எதிர் மேட்டுக் கிழவர் தெயோதூலின் ஒரே மகன் ஜெராசிம் இத்தாலியில் சண்டையில் செத்துப்போனான். நாற்பதாம் வருஷம் அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. 'என் புள்ள மண்ணுக்குள்ள கெடக்கான், சில பேர் வைக்கோலுக்குள்ள கெடக்கானுங்க. கண்ணுல பட்டா நானே புடிச்சுக் குடுப்பேன்' என்று கோயில் வாசலில் கைத்தடியைத் தட்டிச் சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. அதனாலேயே எல்லாரும் அடெலாரைப் பார்த்தார்கள்.

"அவன் கால் கறுத்துப்போச்சுங்க," என்றாள்.

அடெலார் திரும்பி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். அப்புறம் சொன்னான்: "தீ மூட்டச் சொன்னா புடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. வேணாம்னு சொன்னா செத்துப்போவான். ரெண்டுல எதைச் சொன்னாலும் கொன்னவன் நான்தான். அவன் போக வேண்டிய எடத்துக்கு நான் போயிருக்கணும், அதுவும் எனக்குத் தெரியும். என்னை எதுவும் சொல்ல வைக்காதே."

எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. முடிவை எடுக்க மட்டும் இந்த வீட்டில் எப்போதும் ஒரு பொம்பளை வேண்டியிருக்கிறது.

ஞாயிறு விடிகிற நேரத்தில், அவன் பால் கறந்துகொண்டிருக்கும்போது, பனிச்சப்பாத்துகளைக் கட்டிக்கொண்டு அவள் மேட்டுக்கு ஏறினாள். காற்றே இல்லை. மூச்சை இழுத்தால் மூக்கு ரோமம் ஒட்டிக்கொண்டது. ஓவிலா அவளை அடையாளம் கண்டானா என்று தெரியவில்லை. பிர்ச் மரப்பட்டையைக் கிழித்து, மேல் காய்ந்த விறகை அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது. தீ பிடித்ததும் படுக்கையை அப்படியே இழுத்து அடுப்போரம் சேர்த்தாள். அவன் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தை முழுசாகப் பார்த்தாள். அழுகை வந்தது. உட்கார்ந்து அழ நேரமில்லை. பூசைக்குப் போகாமல் இருந்தால் அதுவே சந்தேகம்.

இறங்கும்போது ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தாள். மெல்லிசாகத்தான் புகை வரும் என்று நினைத்திருந்தாள். அந்தக் குளிரில் அது வெள்ளையாகத் தடித்து, நட்டுவைத்த கம்பம் மாதிரி வானத்துக்கு நின்றது.

அடெலார் சறுக்குவண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். மேட்டைப் பார்த்தான். அவள் கையில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள்.

"ஏறு," என்றான்.

பாதி வழியில், "போய் அணைச்சாலும் இன்னும் அதிகமாத்தான் பொகையும்," என்றான், குதிரையிடம் சொல்வதுபோல. மொனிக் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

பூசையில் பாதிரியார் தவக்காலத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டால் டொனால்டாவுக்குச் சொல்லத் தெரியாது. முட்டி போட வேண்டிய இடத்தில் நின்றாள், நிற்க வேண்டிய இடத்தில் முட்டி போட்டாள். கடைசி ஆசீர்வாதம் முடிந்து வாசலுக்கு வந்ததும், வழக்கமாகப் புகைக்குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டு மாட்டு விலை பேசும் ஆண்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாறு ஓடுகிற குளிரா இது? வாளியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

தபால்கார எக்ஸில்டாவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் டொனால்டா, உங்க மரத்துக்கு மட்டும் வசந்தம் வந்துடுச்சா?"

"எலி தொல்லை," என்று டொனால்டா சொன்னாள். "பொகை போடறோம்." சொன்ன அவளுக்கே அது சகிக்கவில்லை.

அப்போதுதான் லாரி வந்தது. பச்சை நிற லாரி, பட்டாளப் போலீஸ். இறங்கியவர்களில் ஒருவன் அதிகாரி, சின்னப் பையன், குளிரில் காது பழுத்துச் சிவந்திருந்தது. ஊர் பேசும் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் மட்டும்தான் அவனுக்கு வந்தது. இரண்டு வார்த்தை கேட்டுப் பார்த்தான், யாருக்கும் புரியவில்லை, புரிந்தாலும் புரியாது. கடைசியில் கூட்டம் தானாகவே விலகித் தெயோதூலை முன்னால் விட்டது. இளமையில் எல்லை தாண்டி அமெரிக்காவில் மேய்ன் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர் அவர். ஊரில் ஆங்கிலம் பேசத் தெரிந்த ஆள் பாதிரியாரை விட்டால் அவர் ஒருவர்தான்.

அதிகாரி மோவாயால் மேட்டைக் காட்டி ஏதோ கேட்டான்.

தெயோதூல் புகையைப் பார்த்தார். அப்புறம் டொனால்டாவைப் பார்த்தார். அவள் மொனிக்கின் கையை நெரித்துவிட்டாள் போலிருக்கிறது, குழந்தை 'ஆ' என்றது. கைத்தடியை எடுத்து, நேராக அவர்கள் குடிலைச் சுட்டிக்காட்டி, கிழவர் பேசத் தொடங்கினார். நிதானமாகப் பேசினார், நீளமாகப் பேசினார். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. அடெலார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். அதிகாரி சிரித்தான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். தெயோதூல் தலையாட்டினார். லாரி கிளம்பிப் பாதிரியார் வீட்டுப் பக்கம் போனது, மதியச் சாப்பாட்டுக்கு.

"என்ன கேட்டான் மாமா?" அடெலார் அவர் வண்டிக்குக் குறுக்கே போய் நின்றான். "என்ன சொன்னீங்க?"

"வழியை விடு," என்றார் தெயோதூல். குதிரையை ஒரு அடி அடித்து, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மற்றவர்களும் போய்விட்டார்கள். போய் வருகிறேன் என்று ஒருவர் சொல்ல வேண்டுமே! அம்மை போட்ட வீட்டை விட்டு விலகுகிற மாதிரி அவரவர் வண்டியில் ஏறிப் போனார்கள்.

இரண்டு விரல். இரண்டு மணிக்கு வருகிறானா? இரண்டு பேரைப் பிடிக்க வேண்டும் என்றானா? இரண்டு வருஷம் சிறை என்றானா? மொனிக்கைத் தன் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு மேட்டுக்கு ஏறும் வழியெல்லாம் டொனால்டா அந்த இரண்டு விரலையே நினைத்துக்கொண்டு வந்தாள். அடெலார் இடுப்பு வலியை மறந்து முன்னால் போனான். குடிலுக்கு வெளியே கிடந்த வாளிகளில் ஒன்றை அவளிடம் எறிந்தான்.

"பனியை அள்ளு. தட்டை நிரப்பணும். வந்து பாத்தா ஏதாவது கொதிக்கணுமில்ல. பட்டணத்துக்காரனுக்குத் தண்ணியும் சாறும் ஒண்ணுதான். போன வருஷப் பாகு கொஞ்சம் ஊத்தினா வாசனையும் வந்துடும்."

"ஓவிலாவை என்ன பண்றது?"

"வரட்டும், பாத்துக்கலாம். முதல்ல அள்ளு."

இருவரும் அள்ளினார்கள். தகரத் தட்டில் பனி விழுந்து சீறியது. குடிலுக்குள் ஆவி நிறைந்தது. கதகதப்பில் ஓவிலாவின் இருமல் அடங்கியிருந்தது, காய்ச்சல் மட்டும் அப்படியே இருந்தது. ஆவியைப் பார்த்துக் கண்ணைத் திறந்தான்.

"சாறு ஓடுதா?"

"ஓடுதுடா தம்பி," என்றான் அடெலார். "நல்லா ஓடுது."

ஓவிலா சிரித்தான். பார்வை அண்ணனைத் தாண்டி அவளிடம் போய் நின்றது. "டொனால்டா. இலை உதிரட்டும். மரமெல்லாம் ஆத்துல விட்டுட்டு இறங்கி வந்துடுவேன். அதுவரைக்கும் பொறுத்துக்க."

அடெலார் கையில் வாளியோடு நின்றான். வாளியிலிருந்த பனி ஓரத்தில் இளகிச் சொட்டியது. டொனால்டா குனிந்து போர்வையை ஓவிலாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"பொறுத்துக்குவா," என்று அடெலார் தம்பியிடம் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வாளியைத் தட்டில் கவிழ்த்தான். அவளைப் பார்க்காமலே, "அம்மா அன்னிக்கே சொன்னா, உங்க ரெண்டு பேர் விஷயத்தை. தெரிஞ்சேதான் தொப்பியை எடுத்துக்கிட்டு வந்தேன்," என்றான்.

இத்தனை வருஷமும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துச் சுமந்திருக்கிறார்கள். அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அவன் தோளில் முகத்தை வைத்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காலி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லாரிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். சத்தம் இல்லை. பள்ளத்தைத் தாண்டி எதிர் மேட்டில் ஏதோ அசைந்தது. தெயோதூலின் குடில். ஜெராசிம் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து அங்கே யாரும் தீ மூட்டியதில்லை. பறவைகள் கூடு கட்டிய அந்தப் புகைக்கூண்டிலிருந்து முதலில் கறுப்பாக ஒரு கக்கல் வந்தது, கூடும் சருகும் எரிகிற கறுப்பு. அப்புறம் பழுப்பாக வந்தது. கொஞ்ச நேரத்தில் வெளுத்து, அவர்கள் புகைக்குப் பக்கத்தில் அதுவும் நேராக நின்றது.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். அடெலார் வாசலுக்கு வந்தான். பார்த்தான்.

"சாறு ஓடுதுன்னு சொல்லியிருக்கார் கிழவர், அதான் அவரும் மூட்டிட்டார். அவன் ரெண்டு டப்பா பாகு கேட்டிருக்கான்," என்றான் மெதுவாக. தன் இரண்டு விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். "ரெண்டு விரல். பாகு கேட்டிருக்கான் அவன்."

அது அப்படித்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஓவிலாவின் கால் பிழைக்குமா என்றும் தெரியாது. சாறு ஓட இன்னும் எத்தனை நாளோ. எதிர் மேட்டில், பூசைக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு, தலையில் தொப்பி இல்லாமல், தெயோதூல் வெளியே வந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து, வாளியில் பனியை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். மறுபடி குனிந்து அள்ளினார்.